பின்வரிசை கலைந்த படம்

சிரம்பானில் எங்கள் ஸ்டூடியோ கடைத்தெருவின் கோடியில் இருந்தது. நாங்கள் இரண்டே பேர். படம் எடுப்பவர் என் கூட்டாளி. என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணன் என்று கூப்பிடுவேன். நான் இருட்டறையில் படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவி, பென்சிலால் முகத்துச் சுருக்கங்களைத் தீர்த்து, எல்லோரையும் கொஞ்சம் நல்லவர்களாக்கி அனுப்புகிறவன்.

அண்ணனுக்கு மனிதர்கள் இரண்டு வகைதான். கேமரா முன்னால் அசைகிறவர்கள், அசையாதவர்கள். சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால் பிணத்தின்மேல் அவருக்குத் தனி மரியாதை வந்துவிடும். "இவங்கதான்யா நல்ல கஸ்டமர். கண்ணைச் சிமிட்டுறதில்ல, படம் நல்லால்லன்னு திரும்பி வர்றதில்ல" என்பார். ஒருமுறை பிணத்துக்குப் பக்கத்தில் நின்ற விதவை மயங்கிச் சாய்ந்தாள். பிடிக்கப் போன என் சட்டையை அவர் இழுத்தார். "விழறதா இருந்தா இந்தப் பக்கம் விழச் சொல்லு. அந்தப் பக்கம் நிழல் அடிக்குது." எனக்குச் சிரிப்பு வந்து, சாவு வீட்டில் இருமலாக்கி விழுங்கினேன்.

இன்னொரு நாள் கடை வாசலில் ஒரு சைக்கிள்காரர் இரண்டு கோழிகளோடு சாக்கடைக்குள் விழுந்தார். அண்ணன் ஓடினார். நான் கயிறு எடுக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். "அப்படியே இருங்கண்ணே, எந்திரிச்சிடாதீங்க!" என்று கத்திவிட்டுக் கேமராவோடு திரும்பி வந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதரும் கோழிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு அந்தப் படத்தைத் தன் கடையில் மாட்டி வைத்தார். எங்கள் தொழிலில் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிரிக்காவிட்டால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

ஜப்பான்காரன் வந்தான். பிளேட் வருவது நின்றது. ஈரத்தில் பழுப்பேறிய பழைய பிளேட்டுகள்தான் மிச்சம். அவற்றில் படம் விழ வேண்டுமானால் ஆள் வெகுநேரம் மூச்சடக்கி நிற்க வேண்டும். "இப்பல்லாம் ஜனங்க நல்லா அசையாம நிக்கிறாங்கய்யா. பயம் ஒரு நல்ல ஸ்டாண்டு" என்றார் அண்ணன்.

ஒருநாள் காலை ஒரு ஜப்பான் அதிகாரி லாரி அனுப்பி எங்களை லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்கும் காலம் அது. மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்று சொல்லி முன்பே ஒரு கூட்டத்தை அனுப்பியிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்று விடிகாலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட, வந்து நின்ற ஆண்களை வேலைக்கு விடாமல் அப்படியே லாரியில் ஏற்றியிருந்தார்கள். பெண்கள் கொஞ்ச தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அதிகாரிக்கு வேண்டியது, தொழிலாளர்கள் மனமுவந்து சிரித்த முகத்தோடு புறப்படும் படம்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி அரைகுறை மலாயில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

அண்ணன் லாரியைச் சுற்றி வந்தார். முகம் சுளித்தார்.

"தார்ப்பாய் நிழல்ல ஒரு மூஞ்சியும் தெரியாது. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க. அந்தப் பால்மரம் ஓரமா மூணு வரிசையா நிக்கட்டும்."

இறக்கினார்கள். துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் பின்வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்கள். அண்ணன் மறுபடி முகம் சுளித்தார்.

"மனசார போறவங்களுக்கு எதுக்குக் காவல்னு படத்தைப் பாக்குறவன் கேக்க மாட்டானா? அவங்களையும் முன்னால வரச் சொல்லுங்க, துவானுக்கு ரெண்டு பக்கமும் நிக்கட்டும். கம்பீரமா இருக்கும்லா."

கிராணி சொன்னார். கம்பீரம் என்ற இடத்தில் அதிகாரியின் முகம் மலர்ந்தது. வாளைச் சரி செய்துகொண்டு நடுவில் வந்து நின்றார். சிப்பாய்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். இப்படியாக, அந்தத் தோட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்த எல்லோரும் கேமராவைப் பார்த்து, பிடித்து வைத்த ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"ஜாங்கான் கெராக், துவான்" என்றார் அண்ணன். ஆடாதீர்கள் ஐயா என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த மலாயில் பாதி அதுதான். அதிகாரி கல்லாகிவிட்டார். அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உள்ளே கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

நான் கேமரா பக்கத்தில் பிளேட்டோடு நின்றேன். பின்வரிசையில் ஓரத்து ஆள் ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. பிறகு அந்த இடத்தில் மரம் மட்டும் இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் போனான்.

"அண்ணே, போறாங்க" என்றேன் மெதுவாக.

"தெரியுது. கண்ணாடியில தலைகீழாப் போறானுங்க." துணிக்குள்ளிருந்து எரிச்சலோடு வந்தது குரல். பிறகு உரக்கக் கத்தினார். "டேய், பின்னாடி எவன்டா நகர்றது! படம் கெடுதுடா! நடு வரிசை நெருங்கி நில்லுங்க, ஓட்டை தெரியுது!"

நடு வரிசை நெருங்கி நின்றது. அதிகாரி உதட்டை மட்டும் அசைத்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

"எல்லாரையும் சிரிக்கச் சொல்றார், துவான்" என்றார் கிராணி மலாயில். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

முதல் பிளேட் சரியில்லை என்று அண்ணன் இரண்டாவது கேட்டார். மேகம் வந்துவிட்டது, போகட்டும் என்றார். காத்திருந்தோம். அதிகாரி வாளைப் பிடித்தபடி மேகத்துக்காக நின்றார். பின்னால் வரிசை கரைந்துகொண்டே இருந்தது. அழுத பெண்கள் அழுகையை இன்னும் உயர்த்தினார்கள். அந்தச் சத்தத்தில் சருகு மிதிபடும் ஓசை கேட்கவில்லை.

படம் முடிந்து, மிச்சம் இருந்தவர்கள் லாரியில் ஏறியபோதுதான் அதிகாரிக்கு உறைத்தது. சிப்பாய்கள் மரங்களுக்குள் ஓடிச் சுட்டார்கள். யாரும் அகப்படவில்லை. படம் எடுக்கச் சொன்னது அவரேதான் என்பதால் எங்களைக் குற்றம் சொல்ல வழியில்லை. கிராணியை அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. லாரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அங்கே ஆள் பிடித்துக் குறையை நிரப்பிக்கொண்டார்கள். நாங்கள் கேமராவைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து நடந்தோம்.

இருட்டறையில் பிளேட்டைக் கழுவினேன். அதிகாரி மீசை மயிர் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தார். அவருக்குப் பின்னால், அசைந்து நழுவியவர்கள் ஒரு வரிசை புகை. பின்வரிசைக்கு முகம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பென்சிலால் நானே ஆட்களைப் போட்டேன். எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அதிகாரிக்கு மிகவும் பிடித்துப்போய் இன்னும் பிரதிகள் கேட்டார்.

சண்டை முடிந்தபின் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவன் மனைவி பிள்ளையோடு படம் எடுக்க வந்தான். வந்தவன் அண்ணன் காலில் விழப்போனான்.

"நீங்க மட்டும் அன்னிக்கு எங்கள எறக்கலன்னா…"

"டேய், நான் வெளிச்சத்துக்கு எறக்குனேன்டா. நீங்கதான் என் படத்தக் கெடுத்தீங்க."

"இந்தத் தன்னடக்கம் யாருக்குங்க வரும்!" என்றான் அவன் மனைவியிடம்.

அண்ணன் எத்தனையோ பேரிடம் இதையே சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. கோயில் விழாவில் மாலை போட்டார்கள். "படத்த மட்டும் பாத்த ஆளுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. உனக்காவது தெரியுமில்ல?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். இருந்தாலும் மேகத்துக்காக அவ்வளவு நேரம் ஏன் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வானம் அன்று அவ்வளவு மோசமாக இல்லை. கேட்டால் கோபப்படுவார் என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு பகலில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அன்று சாயந்திரம் லாரியில் ஏற்றியவர்களில் அவள் புருஷனும் ஒருவன். திரும்பவில்லை.

"அன்னிக்குப் படமெல்லாம் புடிச்சீங்களாமே. எங்க தோட்டத்துல ஏத்துனப்ப புடிக்கலீங்களா? அவரு மொகம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."

எதையும் வேடிக்கையாக்குகிற அண்ணன் அலமாரியில் இருந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். நாள் கணக்கில் பார்த்தார். கடைசியில் அவள் தோட்டத்தில் எடுத்த, சண்டைக்கு முந்திய தீமிதித் திருவிழாப் படம் ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் பாதி முகம், ஒரு காது, தோளில் துண்டு. அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கச் சொன்னார். பென்சில் வைக்க வேண்டாம் என்றார்.

அவள் வந்து வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"துண்டு அவரோடது மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு முந்தானையால் படத்தைச் சுற்றிக்கொண்டு, "அவருதான்னு வச்சுக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.