கறுப்பு ஆயில் பூசியவர்

கருங்குழி வெல்டிங் பட்டறையில் என் பழைய ஜீப்புக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய ஜீப்பும் நின்றது. இரண்டும் ஒரே வயது. அவர் செய்யூர்க்காரர், பம்பரைப் பற்றவைக்க வந்திருந்தார். முழங்கை வரை கறுப்பு ஆயில்.

வெல்டர் என் வண்டியின் அடிச்சட்டமான சேஸைச் சுத்தியலால் தட்டினார். துரு கொட்டியது, சுத்தியல் உள்ளே போனது.

"பாதிய வெட்டணும் சார். அப்பவும் தாங்குமான்னு தெரியாது."

அடுத்து செய்யூர்க்காரருடையதைத் தட்டினார். கணீரென்றது.

"எப்படிங்க?" என்றேன் செய்யூர்க்காரரிடம்.

"மழைக்கு முன்னாடி, எஞ்சின்ல வடிச்ச ஆயில அடியில பூசிடுவேன். நீ இன்னா பூசுவ அண்ணாத்த?"

"மாமல்லபுரத்துல வீடு, கடல் உப்புக்காத்து. அதான் மாசாமாசம் பாலிஷ் போடுவேன்."

"மேலயா?" என்று சிரித்தவர், குனிந்து என் வண்டியின் அடியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வுடு, மேல சூப்பரா கீது."

கயிற்றால் கட்டிய கதவுடன் அவர் ஜீப் கிளம்பியது. வண்டிகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். அவர் மறுத்திருப்பார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.