இது எனக்கு வச்சதுதானே?

மதியம் ஒன்று பத்துக்குக் கதகிரி என் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவார். சுவரோரத்து இரண்டாவது நாற்காலியில் உட்காருவார். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும், "இது எனக்கு வச்சதுதானே, அக்கா?" என்று கேட்பார். கடையில் வேறு ஒருவரும் இல்லாத நாளிலும் கேட்பார். நான் ஆமாம் என்று சொல்லும்வரை சாப்பிடும் குச்சியைத் தொடமாட்டார். ஒருநாள் தபால்காரர், "இல்ல, மேயருக்கு வச்சது. அவர் வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். கதகிரியும் சிரித்தார். ஆனால் என்னிடம் மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கானாங்கெளுத்தி மீனில் கை வைத்தார்.

என் கடைக்கு நேர் எதிரே சலவைக்கடை வைத்திருக்கிறார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு, இடது முன்கையில் நீராவி இஸ்திரி போட்ட பழைய தழும்பு. சட்டைப்பை நிறையப் பின்னூசியும் பெயர்ச்சீட்டும் இருக்கும். காலரை மோந்து பார்த்தே ஊரில் யார் மறுபடி சிகரெட் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். அதை அவர்கள் வீட்டம்மாவிடம் சொல்லவும் மாட்டார். ரகசியம் காப்பதில் அந்தக் குடும்பம் கெட்டி என்று நான் ஒருகாலத்தில் பாராட்டியிருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் மட்டும் ஆளை வதைத்துவிடுவார். முப்பது வருஷமாகத் துணி போடும் பள்ளி ஆசிரியையிடமும், "பேரு சொல்லுங்க" என்பார். எழுதிக் காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் சீட்டைத் துணியில் குத்துவார். கேட்டால், "சட்டை மாறினா ஓடிப்போய்த் திருப்பி வாங்கிடலாம். பேரு மாறினா யார்கிட்டப் போய் நிக்கிறது?" என்பார். தொழில் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் கடையை ஆரம்பித்தது அவருடைய தாத்தா ஜென்பெய். முப்பத்திரண்டு வயதில் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போய் நியூகினியில் இறக்கிவிட்டார்கள். யுத்தம் முடிந்து மறு வருஷம் திரும்பி வந்தார். அதுவரை காட்டில் ஒளிந்திருந்தேன் என்று வீட்டாரிடம் சொன்னார். குடித்தால் மட்டும் ஒரே வாக்கியம் சொல்வாராம். "காட்டுல ரெண்டு பேரு இருந்தோம். ஒருத்தன்தான் நடந்தான்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராது.

அவர் போட்டுக்கொண்டு வந்த கோட்டு ஒன்று கடையின் பின்னறையில் தொங்கியது. வந்ததும் முதல் வேலையாகச் சாயத்தொட்டியில் முக்கிக் கறுப்பாக்கிவிட்டாராம். ஏழு வருஷம் முன்பு உள்துணியைப் பூச்சி அரித்துவிட்டது என்று கதகிரி தைக்க உட்கார்ந்தார். தோள் தையலைப் பிரித்தபோது, கறுப்புச் சாயம் எட்டாத மடிப்புக்குள் கருஞ்சிவப்பு தெரிந்தது. சலவைக்காரனுக்குச் சாயம் பொய் சொல்லாது. நாலு பேரிடம் விசாரித்தார். ஆஸ்திரேலியாவில் யுத்தக் கைதிகளுக்குக் கொடுத்த உடுப்பின் நிறம் அது என்று தெரிந்தது.

பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று சொல்லி அனுப்பிய காலம் அது. கைதியானவன் வீட்டுக்குத் தலைக்குனிவு. கதகிரிக்கு அதில் வருத்தமில்லை. உயிரோடு வந்ததால்தானே எங்கள் குடும்பம் நிலைத்தது என்றார். அந்த நாட்டு ஆவணக்காப்பகத்துக்கு எழுதிப் போட்டார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. பெயரை விட்டு ஊரை வைத்துத் தேடுங்கள் என்று எழுதினார். இரண்டு வருஷம் கழித்து கைதிப் பதிவு அட்டை ஒன்றின் நகல் வந்தது. அதில் ஒட்டியிருந்த படம் தாத்தாவுடையது, புடைத்த காதுகளோடு. மேலே எழுதியிருந்த பெயர் ஒகினோ இசாமு.

எங்களுக்கெல்லாம் தெரிந்த பெயர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது ஒகினோ வீடு. தாத்தாவும் இசாமுவும் ஒரே படைப்பிரிவு. 1944-ல் இசாமு செத்துவிட்டான் என்று அஸ்தி வைக்கும் வெள்ளைப் பெட்டி வந்தது, உள்ளே அஸ்திக்குப் பதில் ஒரு கூழாங்கல். அவன் தாயார் வீட்டுப் புத்தர் மாடத்தில் செத்தவருக்கான பெயர்ப்பலகை வைத்து, கிண்ணச் சோற்றில் குச்சியை நட்டுப் படைத்தாள். யுத்தம் முடிந்து வந்த யாரோ ஒரு சிப்பாய், உங்கள் மகன் பெயரைக் கைதிகள் பட்டியலில் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே அவள் பெயர்ப்பலகையைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் போட்டாள். மகன் உட்காரும் இடத்தில் வேளைதோறும் தட்டு வைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் ஊரில் குச்சியைச் சோற்றில் நட்டால் சின்னக் குழந்தைக்கும் அடி விழும். அது செத்தவருக்கு வைக்கும் சோறு. தூரத்தில் இருப்பவருக்கு வைக்கும் தட்டில் குச்சி படுத்திருக்க வேண்டும், வந்து எடுத்துச் சாப்பிடுவார் அல்லவா. ஒகினோ வீட்டுத் தட்டில் குச்சி எழுபது வருஷம் படுத்தே கிடந்தது. கைதி வீடு என்று ஊர் பேசியது. இசாமுவின் தங்கை ஃபுமியேவுக்கு வந்த இரண்டு வரன்கள் அதற்காகவே திரும்பிப் போயின. பேசட்டும், உயிரோடு இருக்கிறானே என்றாள் தாய். எங்கள் தாத்தாமார் எல்லாம் பயந்து ஓடிய அவமானத்தை அந்தப் பெண்பிள்ளை மட்டும் மடியில் ஏந்திக்கொண்டாள்.

அவள் ஜென்பெய்யிடம் வந்து கேட்டிருக்கிறாள், என் மகனைப் பார்த்தீர்களா என்று. பார்க்கவே இல்லை என்றிருக்கிறார். அந்த வீட்டுத் துணியை மட்டும் சாகும்வரை தன் கையாலேயே தேய்த்தார். இருபது வயதில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது கதகிரி. அந்தம்மா ஆறிப்போன தட்டை எடுத்து அவர்முன் வைப்பாளாம். "அவன் கோவிச்சுக்க மாட்டான், நீ சாப்பிடுப்பா." மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்ததும் தாத்தா, "இன்னிக்குத் தட்டுல என்ன?" என்று கேட்பார்.

"சேப்பங்கிழங்கு ரொம்ப நல்லா இருந்துச்சு தாத்தான்னு சொல்லுவேன், அக்கா" என்றார் கதகிரி, அட்டை வந்த அன்று என் கடையில் உட்கார்ந்து. "அசிங்கமா இருக்கு. எது எனக்கு வச்சது, எது இல்லைன்னுகூடத் தெரியாம தின்னிருக்கேன்." மறுநாளிலிருந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

ஃபுமியே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். நான்தான் தடுத்தேன். எண்பது வயசுல அவங்க நிம்மதியா இருக்காங்க, கிளறாதீங்க என்றேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வாரா வாரம் துணி கொண்டுபோனார், குனிந்து வணங்கினார், திரும்பி வந்தார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நான் சொன்னது கருணை இல்லை, சோம்பேறித்தனம். அதை இங்கே எழுதும்போதும் முகம் சுடுகிறது.

தாய் போன பிறகு ஃபுமியே அம்மா மாதத்தில் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் தட்டு வைத்துவந்தார். போன இலையுதிர் காலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். என் கடைக்குப் போன் செய்து, இனி அந்த நாட்களில் இரண்டு சாப்பாடு வேண்டும் என்றார். அவருக்கு உப்புக் குறைவு, ஆகவே மாறிவிடாமல் இருக்க மூடிமேல் பெயர் எழுதினேன். துணியோடு சேர்த்துக் கொண்டுபோகக் கதகிரி வந்தார். இரண்டாவது டப்பாவில் ஒகினோ இசாமு என்று என் கையெழுத்தில் இருந்தது.

டப்பாவைத் தூக்கி அந்தப் பெயரை வாசித்தார். "நீங்களும் வாங்க, அக்கா. தனியாப் போனா துணியைக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார். எதிரே போய் அட்டையை எடுத்துவந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஃபுமியே அம்மா ஒரு கையாலேயே சோற்றைக் கிண்ணத்துக்கு மாற்றி, சேப்பங்கிழங்கை அடுக்கி, குச்சியைப் படுக்க வைத்தார். கதகிரி பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து, அட்டையை முன்னால் தள்ளினார். அந்தம்மா பூதக்கண்ணாடி தேடி எடுத்து வந்தார்.

"இது உங்க தாத்தா முகம்" என்றார். கண்ணாடியை மேலே நகர்த்தி, "இது எங்கண்ணன் பேரு" என்றார்.

"அவரு அந்தக் காட்டுலயே போயிட்டாரும்மா. என் தாத்தா பக்கத்துல இருந்திருக்காரு. பிடிபட்டது என் தாத்தாதான். தன் பேரை மறைச்சு உங்கண்ணன் பேரைச் சொல்லிட்டாரு."

"உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?"

"அஞ்சு வருஷமா."

சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"துணி கொண்டுவந்த ஒவ்வொரு வாரமும் தெரியுமா?"

"தெரியும்மா."

அந்தம்மா அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய பலகையை எடுத்துவந்து பிரித்து, மாடத்தில் தாயின் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தட்டை மெதுவாகத் திருப்பிக் கதகிரியின் முன் நகர்த்தினார். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அந்தம்மா குச்சிகளை எடுத்து நீட்டினார்.

"நீங்களே நட்டு வைங்க. இத்தனை வருஷம் எங்கண்ணன் பேரு உங்க வீட்டுலதானே இருந்துச்சு."

கதகிரி வாங்கிக்கொண்டார். சோறு அதற்குள் ஆறி இறுகியிருந்தது. முதல் தடவை குச்சிகள் சாய்ந்தன. அவர் இரண்டு கைகளாலும் பிடித்து மறுபடி நட்டு, அவை தாமாக நேரே நிற்கும்வரை கையை எடுக்காமல் இருந்தார்.