விலைக்கழிவு போட்ட ஊர்

எனது ஜெர்மன் மொழிப் புலமையில் பாதி, பீலெஃபெல்ட் நகரத்துக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த மலிவு விற்பனை அறிவித்தல்களிலிருந்து வந்தது. மீதிப் பாதி வாய்த்துணிவு. இது தெரியாத எங்கள் சனம், நான் தடித்த புத்தகங்களோடு பஸ்ஸில் போவதைப் பார்த்து என்னை மொழிபெயர்ப்பாளனாக்கிவிட்டது.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்துபோன தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கடைசி. தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீருக்குக் கூடியிருந்தோம். தாய் தகப்பன் எந்த மரத்தடியில் கிடக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பராகுவேயில் வாழ்நாளில் பாதியைக் கழித்துத் திரும்பியிருந்த வயோதிப ஜெர்மன் பாதிரியார் ஒருவர், எங்களுக்கு ஆறுதலாக ஒரு கதை சொல்ல விரும்பினார். அவர் அங்கே பணியாற்றிய சிற்றூரின் கதை. பக்கத்தில் நான், அகராதி இல்லாமல்.

முற்காலத்தில் மிஷனரிகள் அங்கே ஒரு ‘ரெடுக்ட்சியோன்’ தொடங்கினார்கள் என்றார். கடைகளில் ‘ரெடுட்சியேர்ட்’ என்றால் விலை குறைத்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“முந்தி மிஷனரிமார் அங்க பெரிய விலைக்கழிவு ஒண்டு தொடங்கினவை. காட்டில இருந்த சனமெல்லாம் குடும்பம் குடும்பமா அதுக்கு வந்தது.”

“எத்தினை வீதம் அண்ணை?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

மண்டபம் சிரித்தது. பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தது.

பாதிரியார் சிரிக்கவில்லை. ஊர் வெறுமையான இடத்துக்கு அவர் கதை இன்னும் வந்திருக்கவில்லை. எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தார். தேநீர் ஆறிவிடும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சிதறி வாழ்ந்தவர்களைச் சேர்த்துக் குடியேற்றிய மிஷன் ஊருக்குத்தான் ‘ரெடுக்ட்சியோன்’ என்ற பெயர் என்று வீட்டில் அகராதி சொன்னது. மிச்சத்தை நூலகத்தில் வாசித்தேன். அந்தச் சனம் கல்லில் கோவில் கட்டியது, வயலின் செய்து வாசித்தது. பிறகு எங்கோ தூரத்திலிருந்த அரசன் ஒருவன் மிஷனரிகளைக் கப்பலேற்றி நாடுகடத்தினான். சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கோவிலுக்குள் மரம் முளைத்தது.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். நினைப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன். தவக்காலத்தில் பாதிரியார் இறந்துபோனார்.

நினைவுப் பூசைக்குப் பிறகு, அதே மண்டபத்தில் எழுந்து நின்று அந்த ஊரின் கதையைப் பிழையில்லாமல் முழுதாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் என் கையில் ஒரு கோப்பையைத் தந்தார்.

“நல்லாத்தான் சொன்னியள் அண்ணை. ஆனா முந்திச் சொன்ன விலைக்கழிவுக் கதைதான் எங்களுக்கு விளங்கினது.”