இன்ஜினியர் உருவிய கயிறு

"பொன்னுவேல் செஞ்சது அரைவேக்காட்டு வேலை" என்று இன்ஜினியர் சுவாமிநாதன் ஏழு ரோடு சந்திப்பின் டீக்கடை வாசலில் நின்று சொன்னாராம். சேதி வந்தபோது சிவபாக்கியம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பொன்னுவேல் அவளுடைய தம்பி. பழனியில் இரும்பு வேலை கற்று, 1955இல் கோடைக்கானலுக்கு ஏறி வந்தவன். ஏழு வருடத்தில் பதினேழு புகைக்கூண்டும் நான்கு கொடிக்கம்பமும் நிறுத்தியிருந்தான். ஒன்றுகூடச் சாயவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

இப்போது ஒடிந்தது ஏரியல். ஓய்வு பெற்ற சுவாமிநாதன் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வயர்லெஸ்ஸில் கடல் கடந்த ஊர்க்காரர்களோடு பேசுகிறவர். அதற்காக நாற்பதடிக் கம்பத்தின் உச்சியில் ஒரு நீளக் குழாய். அதன் குறுக்கே, மீன்முள் போல, பதினாறடி அலுமினியக் குழாய்கள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. மாசியில் பொன்னுவேல்தான் ஏற்றினான். மரங்களைப் பெயர்த்த ஆடிக் காற்றில் அது அசையாமல் நின்றது. புரட்டாசியில், இலை மட்டும் ஆடும் காற்றில், நான்கு குழாய்கள் ஒடிந்து விழுந்தன.

அக்காவும் தம்பியும் இன்ஜினியரின் பங்களாவுக்குப் போனபோது காண்ட்ராக்டர் திருமலைச்சாமி அங்கே நின்றிருந்தார். பண்ணைக்காட்டில் காபிக் கிடங்குக்குக் கூரை போடும் வேலையைப் பொன்னுவேலுக்குக் கொடுப்பதாக இருந்தவர். அவரை இன்ஜினியரே வரவழைத்திருந்தார்.

"பாருங்க, நாலும் ஒரே எடத்துல ஒடிஞ்சிருக்கு. இவன நம்பியா கூரை போடப்போறீங்க?"

பொன்னுவேல் ஒரு துண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்தான். மறுமுனையில் வானம் தெரிந்தது.

"உள்ள தேங்காநார்க் கயிறு விட்டிருந்தேனே, எங்கங்க?"

"அந்தக் குப்பையா? ஆவணியில நீ கவுஞ்சிக்கு வேலைக்குப் போயிருந்தப்ப, ஆள வச்சு எறக்கி உருவிட்டேன். அந்த உசரத்துல வீண் வெயிட் எதுக்கு? வெயிட் கொறஞ்சா காத்துக்குத் தாங்கும்."

பொன்னுவேல் துண்டைத் தரையில் போட்டான். "பெருங்காத்துக்காகக் கயிறு போடலைங்க. சின்னக் காத்துக்குப் போட்டேன். வெறுங்குழா சின்னக் காத்துல ஓயாம ரீங்காரம் போடும். நடுங்கி நடுங்கியே, முடுக்கிப் பிடிச்ச எடத்துல அத்துப்போகும். கயிறு கெடந்தா அந்த நடுக்கத்த அமுக்கிரும்."

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"புஸ்தகத்துல இல்லாட்டி என்னங்கய்யா, மேல இருக்கே!" என்றாள் சிவபாக்கியம். "அந்த ரெண்டு குழா மட்டும் ஏன் ஒடியல?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இன்ஜினியர் தொண்டையைச் செருமினார்.

"அது ரெண்டுலயும்... கயிறு மழையில ஊறி இறுகிக் கெடந்துச்சு. இழுத்தும் வரல."

திருமலைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஜினியரின் முகம் சிவந்தது.

"சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு வெள்ளனே வந்து எல்லாத்துலயும் கயிறு போட்டே ஏத்திரு."

"நாளைக்கு வெள்ளனே நீங்க ஏழு ரோட்டுக்கு வாங்க" என்றான் பொன்னுவேல். "கயித்த நாந்தான் உருவுனேன்னு அதே கடையில சொல்லுங்க. பெறகு ஏத்துறேன்."

"கடைத்தெருவுல நின்னு நான் ஒனக்குச் சமாதானம் சொல்லணுமா?"

"கொறை சொல்லுறதுக்கு மட்டும் நின்னீங்கள்ல?" என்றாள் சிவபாக்கியம்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கூரை ஒனக்குத்தாம்ப்பா. நாளைக்கே வா" என்றார் திருமலைச்சாமி. "அவரு பெரிய மனுசன், விட்டுரு."

"கூரைக்கு வாரேங்க. இத விடமாட்டேன்."

மறுநாள் இருவரும் பஸ் வரும்வரை ஏழு ரோட்டில் நின்றார்கள். இன்ஜினியர் வரவில்லை. பொன்னுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணைக்காட்டு பஸ்ஸில் ஏறினான். பஸ் முக்குத் திரும்பி மறைந்ததும் சிவபாக்கியம் அந்தக் கடைக்குப் போனாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, யார் போட்ட கயிறு, யார் உருவியது, எந்த இரண்டு நிற்கின்றன என்று ஒன்று விடாமல் உரக்கச் சொன்னாள். பின்னால் நின்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றதும், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.