எண் எழுதிய பக்கம்

லொரெய்ன் என்ட்விசிலுக்கு ஐம்பத்தேழு வயது. இங்கிலாந்தில் டார்வென் என்ற ஊரில் சுவர்த்தாள் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் மான்செஸ்டரில் கிராஃபீன் படலம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். கிராஃபீன் என்றால் என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது. இப்போது மட்டும் ரொம்பத் தெரியுமா என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபீன் தூளும் பிளாஸ்டிக் கரைசலும் கலந்த கறுப்புக் குழம்பைக் கண்ணாடிமேல் ஊற்றி, ஒரே இழுப்பில் மெல்லிசாகப் பரப்பி, காய்ந்ததும் கிழியாமல் உரித்தெடுக்க அவரை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

அந்தப் படலம் தபால்காரர்களின் கையுறைக்குள் போகும். மின்சாரம் பாய்ந்தால் சூடாகும். பாய்ந்தால்தானே? ஃபரூக் சித்தீக் என்ற இளம் வேதியியலாளர் உருவாக்கிய புதுக் கலவையில், எட்டு வாரமாக ஒரு தாள்கூடத் தேறவில்லை. ஒவ்வொன்றையும் அவரே அளந்து, அவரே ஒதுக்கினார். மேலாளர் குவெண்டா பில்லிங் பொறுமைசாலிதான், அவரும் கைவிட்டுவிட்டார். வெள்ளிக்கிழமையோடு கலவையும் இல்லை, ஃபரூக்குக்கு வேலையும் இல்லை.

புதன்கிழமை தேநீர் வேளையில் ஃபரூக் லொரெய்னிடம் வந்தார்.

“மன்னிச்சுக்குங்க லொரெய்ன். நீங்க எவ்வளவு அழகா இழுத்துக் குடுத்தீங்க! என் கலவைதான் உங்க உழைப்பையெல்லாம் பாழாக்கிடுச்சு.”

“போ கண்ணு, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. பிஸ்கட் எடுத்துக்கோ.”

ஃபரூக் தன் மேசையைக் காலி செய்யப் போனதால், கடைசி ஆறு தாள்களை அளக்கும் வேலை லொரெய்னிடம் வந்தது. எண் எழுதிய பக்கம் மேலே இருக்கவேண்டும், மின்சாரம் பாய்கிறதா என்று காட்டும் மீட்டரின் ஊசிகளை அதன்மேல் வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஐந்து தாள்களுக்கு மீட்டர் அசையவே இல்லை. ஆறாவது கை நழுவிக் குப்புற விழுந்தது. அப்படியே ஊசியை வைத்தார். மீட்டர் முள் துள்ளியது. மற்ற ஐந்தையும் புரட்டினார். ஐந்துக்கும் துள்ளியது.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காயும்போது கிராஃபீன் கண்ணாடிப் பக்கமாக அடியில் படிந்துவிட்டிருக்கிறது. மேலே வெறும் பிளாஸ்டிக். அந்தப் பக்கத்தில் எண் எழுதியது அவர்தான். சுவர்த்தாளின் நல்ல முகத்தில் பேனா படக்கூடாது, எண் எப்போதும் முதுகில்தான். இங்கேயும் கண்ணாடியில் ஒட்டியிருந்த வழவழப்பான பக்கத்தை முகமென்று எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அப்படி எழுதிவந்தார்; ஃபரூக்கோ எண் இருப்பதே அளக்கவேண்டிய பக்கம் என்று நினைத்திருந்தார்.

யாரிடமும் சொல்லாமல் இனி எண்ணைப் பக்கம் மாற்றி எழுதினால் போதும். கலவை திடீரென்று சரியாகிவிட்டது என்று எல்லோரும் குதிப்பார்கள். சொன்னாலோ, எட்டு வார வேலையைக் குப்பைக்கு அனுப்பியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? இதையெல்லாம் அவர் யோசிக்காமல் இல்லை. கால் மணி நேரம் நன்றாகவே யோசித்தார். ஆனால் அந்தப் பிள்ளை தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஃபரூக்கையும் அழைத்துக்கொண்டு பில்லிங்கின் அறைக்குப் போனார். தாள்களை மேசையில் பரப்பி, ஒன்றுவிடாமல் சொன்னார்.

“எட்டு வாரம், லொரெய்ன்,” என்றார் பில்லிங்.

“தெரியும். கோட்டை மாட்டிக்கிட்டுக் கெளம்புன்னா கெளம்பறேன்.”

“கோட்டு அங்கேயே தொங்கட்டும். உக்காருங்க.”

ஃபரூக் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுதான் நல்ல பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“இதென்ன கேள்வி கண்ணு? பாத்தாலே தெரியுதே. இது மொகம், அது முதுகு.”

ஃபரூக் தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எட்டு வாரமா மீட்டரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றார். “தாளைப் பாக்கவே இல்லை.”