வெளியே பூட்டிய வீடு

1. வரிசையின் கடைசி வீட்டுக்கு எங்கள் காரியாலயத்திலிருந்து மூன்று தடவை ஆள் போனது. மூன்று தடவையும் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது.
2. குடியிருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.
3. பக்கத்து வீடுகளில் விசாரித்தார்கள். "தெரியாது" என்றார்கள். ஒரு வீட்டில் அதைக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.
4. குடியிருந்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று முடிவானது. வீட்டைக் காத்திருப்போரில் அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பதென்றும் முடிவானது.
5. கொடுப்பதற்கு முன் என்னென்ன திருத்த வேண்டும் என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.
6. என்னிடம் சாவி இல்லை. வெளியிலிருந்து அளக்கக்கூடியதையாவது அளப்போம் என்று டேப்பை எடுத்து ஜன்னலில் வைத்தேன்.
7. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "பெருசாக்கப் போறீங்களா?"

நான் மாத்தளை டவுனில் பிறந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வேலை படித்தேன். வருமானம் குறைந்தவர்களுக்கென்று கட்டிய வாடகை வீடுகளைப் பராமரிக்கும் காரியாலயமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். கூரை ஒழுகினாலும் குழாய் வெடித்தாலும் நான்தான் போவேன். எதையும் இலக்கமிட்டு எழுதிக்கொள்வது என் பழக்கம். ஆனால் ஜன்னல் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு.

"நீங்க யாரு?" என்றேன்.

"இது என் வீடு. நீங்க யாரு?"

நியாயமான கேள்விதான். காரியாலயத்தின் பெயரைச் சொன்னேன். இத்தனை தடவை ஆள் வந்து கூப்பிட்டும் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

"யாரு கூப்பிட்டாலும் பேசக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கு. ஒரு ஆளு வந்து பேரச் சொல்லிக் கத்து கத்துன்னு கத்துனாரு. நான் மூச்சு விடலையே!" அவர் குரலில் அவ்வளவு பெருமை. "ரெண்டாவது வாட்டி தும்மல் வந்திருச்சு மிஸ். தலகாணிய மூஞ்சில வச்சு அமுக்கிட்டேன்."

"அப்ப இப்ப மட்டும் ஏன் பேசுறீங்க?"

"நீங்க கத்தல. ஜன்னல அளந்தீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அந்தத் தங்கச்சி கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தார். சொந்தத் தங்கை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். சந்தையில் கூட்டித் துப்புரவு செய்யும் வேலை. விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவார். கையில் கீரைக்கட்டு, தோளில் பை, பைக்குள் இந்த வீட்டின் சாவி. என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"மிஸ், இந்த வீட்டுல யாரும் இல்ல," என்றார்.

முகம் ஜன்னலில்தான் இருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"இல்லன்னா இல்ல," என்றார் அவர்.

"ஆமா மிஸ், யாரும் இல்ல," என்றது ஜன்னல்.

அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகுதான் தங்கச்சி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னார்.

ஜன்னலில் நின்றவரை அந்த வரிசையில் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். தாய் இறந்த பிறகு வீடு அக்காவின் பெயருக்கு வந்தது. அக்காவுக்கு எண்ணத் தெரியாது, எழுதத் தெரியாது, யாரையும் சந்தேகப்படவும் தெரியாது. தெரிந்த ஒரே ஆசை பஸ். மெயின் ரோட்டில் எந்த பஸ் வேகம் குறைந்தாலும் ஏறிவிடுவார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டால் அது எங்கே போகிறது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பலாபத்வலவில் இறக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எல்கடுவ வரைக்கும் போய், அதே பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்திருக்கிறார். ஒருநாள் வில்கமுவ பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கேயிருந்து அன்றைக்குத் திரும்ப பஸ் இல்லை. வயல் செய்யும் ஒரு சிங்களக் குடும்பம் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, மறுநாள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டது.

"நல்ல ஊரு மிஸ்," என்றார் அக்கா. "டிரக்டர்ல ஏத்துனாங்க."

"இங்க நாங்க செத்துப் பொழச்சோம்," என்றார் தங்கச்சி. "அதுக்கப்புறந்தான் பூட்டு. நான் வேலைக்குப் போறப்ப பூட்டுவேன், வந்ததும் தொறப்பேன். தனியா ஒரு பொம்பள இருக்குன்னு வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு இந்த லயின் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

பூட்டும், அக்காவின் மௌனமும், அக்கம்பக்கத்தின் 'தெரியாது'வும் சேர்ந்துதான் வீட்டை ஆளில்லாத வீடாக்கியிருந்தன. அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்க முடிவாகிவிட்டதை நான் சொன்னேன். தங்கச்சி கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க பூட்டுனதாலயா வீடு போகுது?"

"பூட்டிட்டுப் போறது ஆபத்துங்க," என்றேன்.

"நீங்க படிச்ச புள்ள, நல்லாச் சொல்றீங்க. வில்கமுவைக்குப் போனப்ப நீங்களா தேடுனீங்க?"

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அக்காவின் மெத்தைக்கு மேலே ரேடியோ செருகியிருந்த பிளக் பொயின்ட் ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது. விரலை வைத்தால் சூடு. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றி, உருகிப்போன வயரைத் தங்கச்சிக்குக் காட்டினேன்.

"இது காலைல பத்துனா அக்கா எந்த வழியா வெளிய வருவாங்க?"

அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நான் நல்லதுக்குத்தானே மிஸ் பூட்டுனேன்," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுற? எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் அக்கா. "பிளேன் டீ போடு. மிஸ்ஸுக்கும் போடு."

அன்று பின்னேரமே எங்கள் காரியாலயப் பொறுப்பாளரான சேரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிங்களவர், நேர்மையானவர், அவசரக்காரர். காத்திருக்கும் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். அவர்கள் இருக்கும் அறையின் சுவர் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "தனியாக இருக்க முடியாதவரைப் பூட்டி வைத்து வீட்டைக் காப்பாற்றுவது சரியா?" என்று கேட்டார். சரியில்லை, பூட்டைக் கழற்ற ஒரு வாரம் தாருங்கள் என்றேன். வரும் வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். பூட்டு இல்லாமல் அக்காவால் அங்கே இருக்க முடியுமென்றால் வீடு அவருக்கு. முடியாதென்றால் அவரை ஆதரவற்றோரைப் பராமரிக்கும் ஹோமுக்கு அனுப்ப எழுதுவார்.

தங்கச்சி பயந்ததும் அந்த ஹோமுக்குத்தான். 'சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்' என்பதால்தான் அவர் எங்களிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

அந்த வாரம் எனக்குப் பிடித்த மாதிரியான வாரம். செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன. வயரை மாற்றினோம். தச்சரைக் கொண்டு கதவைக் குறுக்கே அறுத்து இரண்டாக்கினோம்: மேல்பாதியைத் திறந்துவைத்து அக்கா ரோட்டைப் பார்க்கலாம், கீழ்ப்பாதிக்குத் தாழ்ப்பாள் உள்ளே. வெளிப்பக்க நாதாங்கியைக் கழற்றினோம். கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சின்னக் கருவி வைத்தேன். கதவு திறந்தால் எதிர் வீட்டில் மணி பாடும்.

எதிர் வீட்டில் இருந்தவர் பாடசாலைச் சீருடை தைக்கும் ஒரு முஸ்லிம் பெண். நாள் முழுக்க வீட்டில்தான். வரிசையில் எல்லோருக்கும் அவர் ராத்தா. அவர்கள் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். மணியைத் தன் வீட்டில் வைக்க உடனே சம்மதித்தார். மறுநாள் காலையில் எனக்கு போன் எடுத்தார்.

"மகள், இந்தச் சாமானக் கழட்டுங்க. நான் ஒரு கை வச்சுத் தைக்க முன்னுக்கு அது பத்துத் தரம் பாடுது!"

போய்ப் பார்த்தேன். அக்கா கதவைத் திறந்தார். எதிர் வீட்டில் பாட்டு. மூடினார். திறந்தார், மறுபடியும் பாட்டு. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எந்த வீட்டுத் திறப்பு விழாவிலும் கண்டதில்லை.

"அல்லாவே, ரேடியோ ஸ்டேஷனா இது?" என்று ராத்தா தையல் மெஷினிலிருந்து கத்தினார்.

கருவிக்குள் பல இசைகள் இருந்தன. அவற்றிலேயே சலிப்பானதைத் தேடி, ஒற்றை 'டொங்'காக மாற்றினேன். அக்கா இரண்டு தடவை திறந்து பார்த்தார். "பாட்டு செத்துப் போச்சு," என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது பஸ் ஆசை. அதைக் கழற்றவோ மாற்றவோ எனக்கு வழியில்லை. யார் எந்த நாளில் அக்காவை பஸ்ஸில் கூட்டிப்போவது என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி தானாகவே அக்காவைப் பலாபத்வலவுக்குக் கூட்டிப்போய், இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

"ஒரு வேலையும் இல்லாம பஸ்ல போயிட்டு வாறது எங்க வம்சத்துலயே இல்ல மிஸ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரும்போது நானும் ஜன்னல் பக்கம் ஒக்காந்தேன்," என்றார்.

வியாழக்கிழமை சேர் வந்தார். கதவின் மேல்பாதி திறந்திருந்தது. உள்ளே யாரையும் காணவில்லை. சேர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை உரத்துக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: வெளியாள் கூப்பிட்டால் பேசக்கூடாது என்ற கட்டளையை நாங்கள் யாரும் நீக்கவில்லை. "அக்கா, நான்தான்," என்றேன். பயனில்லை. சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று வேலைக்குப் போகாமல் நின்றிருந்த தங்கச்சி டீக் கோப்பையோடு ஓடி வந்தார். "பேசலாம்க்கா! பேசு!"

கதவின் கீழ்ப்பாதிக்குப் பின்னாலிருந்தே அக்கா எழுந்தார். அத்தனை நேரமும் எங்கள் முழங்காலுக்கு நேரே குந்தியிருந்திருக்கிறார். சேர் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார். அக்கா தானே தாழ்ப்பாளைத் திறந்தார். எதிர் வீட்டில் 'டொங்' கேட்டது. சேர் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலை மறித்துக்கொண்டு யோசித்தார்.

"இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றார் அக்கா. முன்னால் போங்கள் என்று பஸ்ஸில் கண்டக்டர்கள் போடும் அதே சத்தம், அதே ராகம். சேர் சப்பாத்தோடு உள்ளே போய்விட்டார். போன பிறகுதான் சிரித்தார்.

அவர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். ஹோமில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும், துணைக்கு ஆட்கள் இருப்பார்கள், போக விருப்பமா?

அங்கே பஸ் நிற்குமா என்று அக்கா கேட்டார்.

ரோட்டில் நிற்கும், ஆனால் தனியாக வெளியே விடமாட்டார்கள் என்றார் சேர்.

"அப்படியென்றால் நீங்கள் போங்கள் சேர். எனக்கு இங்கே வேலை இருக்கிறது."

"என்ன வேலை?"

"கதவு இருக்கிறதே."

சேர் என் பக்கம் திரும்பி, இவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து ராத்தா சொன்னார்: "நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்களா?" தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா சோறு போட்டது யாரு?"

"சோறு நீங்க போடுங்க. மணி எனக்குத்தானே அடிக்குது! காலைல நீங்க சந்தையில, இங்க ஓடுறது ஆரு?"

அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. அதுவரை ஒன்றும் தெரியாத வீடுகளுக்கெல்லாம் எல்லாம் தெரிந்திருந்தது. அக்காவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த பஸ்காரர் நல்லவர், எந்தக் கடைக்காரரை நம்பக்கூடாது. சேர் டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று தடவை வந்தபோது ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்று கடைசியில் கேட்டார்.

"வந்தது ஆம்பள, சேர்," என்றார் ராத்தா. "தனியா இருக்கிற பொம்பளயப் பத்தி நாங்க என்னத்தச் சொல்ற?"

சேர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, இனி இந்த வீட்டுக்கு நான்தான் போக வேண்டும் என்றும், வெளிப்பூட்டை மறுபடி கண்டால் முடிவை மாற்றுவதாகவும் சொன்னார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களாகத் தங்கச்சி, ராத்தா இருவரின் பெயர்களையும் எழுதிக்கொண்டார். எது முதலில் என்று அங்கேயே ஒரு சண்டை நடந்தது.

இப்போதைய நிலை இது. வீடு அக்காவின் பெயரிலேயே இருக்கிறது. நான் மாதம் ஒருதடவை போய்ப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் அக்கா இரண்டு தடவை தனியாக பஸ் ஏறப் போனார். ஒருதடவை ராத்தா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிப் பிடித்தார், மற்றத் தடவை பிந்திவிட்டார், ஒரு கண்டக்டர் கொண்டுவந்து விட்டார். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போகிறார். காத்திருக்கும் குடும்பத்துக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம், அடுத்து காலியாகும் வீடு அவர்களுக்கு. அக்காவின் விஷயத்தை ஆறு மாதம் கழித்து சேர் மீண்டும் பார்ப்பார்.