நான் அளித்த மன்னிப்பு

டேனியலின் இரண்டு விரல்கள் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்ற துணிச்சலில் உங்களிடம் சொல்கிறேன். என்ன வீரம் பாருங்கள்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் இருவரும் ஷிப்ட் மாற்றி வேலை பார்த்தோம். அந்த இயந்திரத்துக்கு இரண்டு பட்டன்கள். இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை அடியில் சிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று நான் ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் ஒட்டிவிடுவேன். அன்று மதியம் அதைப் பிரிக்க மறந்து, பொன்னேரி ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவன் டேனியல். இடது கையால் தகட்டைச் சரிசெய்தபோது வலது கை மற்ற பட்டனில் பட்டுவிட்டது.

டேப்பை அவனே ஒட்டிக்கொண்டான் என்று நிர்வாகம் முடிவு கட்டியது, அவன் வேலையும் போயிற்று. என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் கெளம்பும்போது மிஷின் நல்லாத்தான் இருந்துச்சி சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு வாக்கியமே போதுமாயிருந்தது.

தேவனிடம் அழுதேன்... அது பொய்யில்லை. அவர் என்னைத் தள்ளிவிடவில்லை என்றும் நம்புகிறேன். மனிதன் எத்தனை முறை வழுவினாலும் அவர் அன்பு மாறாது என்று போதகர் சொல்லும்போது, முதலில் 'ஆமென்' சொல்பவன் நான்தான். அந்த அன்பை நான் என்ன செய்தேன்? அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன்! ஆண்டவரே மன்னித்தபின் டேனியலிடம் எதற்கு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவர் மாறாதவர் என்பது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று, தெரியுமா?

நானும் டேனியலும் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன், யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் எழுந்துபோய்ப் பேசித் தீர்த்துவிட்டு வரவேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு டேனியல் எழுந்தான். நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீதான் டேப்பு ஒட்டிட்டுப் பூட்டேன்னு இத்தினி நாளா மனசுல வச்சிக்கினு இருந்தேன். ஊட்லகூட சொல்லிட்டேன். அப்பால பாத்தா, நீ எனக்கோசரம் அழுதுக்கினு ஜெபம் பண்ற... உன்னப் போயி சந்தேகப்பட்டேனே! மன்னிச்சிடுண்ணே."

கைகூப்பினான். எட்டு விரல்கள்.

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், அவன் பேர் மீண்டிருக்கும். இதைவிட நல்ல வாய்ப்பைத் தேவனால்கூட எனக்கு அமைத்துத் தந்திருக்க முடியாது. நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்...

அவன் தோளில் கைவைத்து, "வுடு தம்பி, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் பின்னாலேயே போய் நானும் அப்பத்தை வாங்கித் தின்றேன்.

தேவன் எல்லாம் தெரிந்தே என்னை நேசிக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. டேனியலுக்கு ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து அவன் ஞாயிறுதோறும் என் பக்கத்தில்தான் உட்காருகிறான்.